ஒன்றாம் நம்பர் சட்டைகள்

எமில் ட்ரோப்னியின் பெயர் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் இருபத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வந்தது. அதுவும் பொய்ச் செய்தி. அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹாஸ்லர் கல்லூரியின், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குச் சாமான் அறைப் பொறுப்பாளர் எமில். ஆட்டக்காரர்களின் ஹெல்மெட், தோள்கவசம், ஷூ, ஜெர்ஸி எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போகும். திரும்பி வரும்போது சேறும் வியர்வையுமாக அவர் கைக்கே வரும். நான் வெர்னா ஹோலப். அந்த அறையின் மூலையில் இருக்கும் தையல் மெஷின் என்னுடையது. சட்டையில் பெயர் தைப்பது, நம்பர் தைப்பது, கிழிந்ததை ஒட்டுப் போடுவது என்று பத்தொன்பது வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மனிதர் அதிகம் பேச மாட்டார். துவைக்கும் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே யாரோ பாக்கெட்டில் சில்லறையை விட்டுவிட்டான் என்று கண்டுபிடிப்பார்.

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில் புதுக் கோச் வந்தார். பெயர் கேலிஸ்டர். முந்தைய வருடம் பன்னிரண்டு ஆட்டத்தில் இரண்டில்தான் ஜெயித்திருந்தோம். அதனால் அவர் வந்து இறங்கியபோது ஊரே பாண்டு வாத்தியத்தோடு போய் நின்றது. நானும் போய் நின்றேன், எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். நல்ல உயரம், நல்ல பல் வரிசை. யார் பெயரும் ஞாபகம் இருக்காது, அதனால் எல்லாரையும் "தலைவா" என்றுதான் கூப்பிடுவார்.

வந்த முதல் வாரமே எமிலைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தலைவா, எனக்குன்னு ஒரு சாமான் ரூம் ஆளு இருக்கான், பழைய காலேஜ்ல. இருந்தாலும் இந்த சீசன் உங்களையே வச்சுப் பாக்கறேன். ஆறு ஜெயிச்சா எல்லாரும் இருப்போம். சரியா?"

எமில் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தைந்து வயது நிறைய இன்னும் இரண்டு வருடமும் சொச்சமும் இருந்தது. அறுபத்தைந்து முடித்து ஓய்வு பெற்றால் கல்லூரியின் மருத்துவக் காப்பீடு மனைவிக்கும் சேர்த்து ஆயுசு முழுக்கத் தொடரும். ஒரு நாள் முன்னால் வெளியே போனாலும் கிடையாது. அவர் மனைவி ரோசலிக்கு மூட்டுகள் எல்லாம் வீங்கிக்கொள்ளும் வியாதி. மாதம் ஒரு ஊசி. அந்த ஊசியின் விலையைக் காப்பீடு இல்லாமல் கேட்டால் நல்ல மூட்டும் ஆட்டம் காணும். அதனால் எமிலுக்கு அந்த சீசனில் வேண்டியது ஒன்றே ஒன்று. வேலையில் இருக்க வேண்டும்.

"ஆறு ஜெயிக்கிறது உன் கையிலயா இருக்கு?" என்று கேட்டேன்.

"இல்ல. தோக்கறதுக்கு நான் காரணமா இருக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார்.

கேலிஸ்டருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதைவிட ஆள் பிடிப்பதுதான் கை வந்த கலை. இப்போது ஆட்டக்காரப் பையன்கள் சட்டை மாற்றுவது போலக் கல்லூரி மாற்றுகிறார்கள். அப்படி மாறி வர நினைப்பவர்களைப் போனில் பிடித்து, ஒரே வசந்த காலத்தில் நாற்பத்தொரு பேரைக் கொண்டுவந்து இறக்கினார். அதில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் கொடுத்த வாக்கு ஒன்றுதான். "ஒன்னாம் நம்பர் உனக்குத்தான் தம்பி. உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்."

அந்த ஒன்றை எடுத்து வைத்தது எங்கே என்று எங்களைத்தான் கேட்க வேண்டும். இருப்பது பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை நூறு நம்பர். ஆட்டக்காரர்கள் நூற்றுப் பதினேழு பேர். ஒரே நம்பரை இரண்டு பேருக்குக் கொடுக்கலாம், அதற்கு விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மைதானத்துக்குள் நிற்கக் கூடாது. நின்றால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், ஆடியது செல்லாது. அதனால் எமில் ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் ஒரு பெரிய அட்டையில் பென்சிலால் பட்டியல் போடுவார். தாக்கும் பக்கம் ஒருவன், தடுக்கும் பக்கம் ஒருவன் என்று ஜோடி சேர்ப்பார். பந்தை உதைக்கும்போது மட்டும் இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து இறங்குவார்கள். அங்கேதான் ஆபத்து. அங்கே மோதாதபடி ஜோடியைப் பார்த்துப் பார்த்துப் பொருத்துவார், கல்யாணத் தரகர் தோற்றுப்போவார். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை.

அந்த ஆகஸ்டில் ஒன்றாம் நம்பர் கேட்டு ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் "கோச் சொன்னாரு" என்றார்கள். எமில் மேலே போய்க் கேட்டார். கோச் சிரித்துவிட்டு, "நீங்களே பாத்துச் சமாளிங்க தலைவா, அதுக்குத்தானே இருக்கீங்க" என்றார். கடைசியில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ட்ரே விட்லோ என்ற பையனுக்கு ஒன்றாம் நம்பர் கிடைத்தது; பந்தை உதைக்கும்போதும் அவன் இறங்குவான் என்பதால் எமில் அவனுக்கு ஜோடி போடவில்லை. மீதி எட்டுப் பேர் எமிலிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாக்குக் கொடுத்தவரிடம் கோபம் இல்லை, சட்டையை நீட்டியவர் மேல்தான் கோபம்.

இது போதாதென்று போட்டோ சனிக்கிழமைகள் வேறு. அடுத்த வருடத்துக்கு வளைக்க வேண்டிய பள்ளிக்கூடப் பையன்கள் அப்பா அம்மாவோடு கல்லூரியைப் பார்க்க வருவார்கள். அவர்களுக்கு எங்கள் சட்டையை மாட்டி, புகைக்கு நடுவே நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் எந்த நம்பர் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம். அதனால் கோச் படம் எடுப்பதற்கென்றே கறுப்புத் துணியில் ஒன்றாம் நம்பர் சட்டை மட்டும் பதினோரு உருப்படி வரவழைத்தார். அந்தச் செலவை ஈடுகட்ட, ஆட்டக்காரர்களுக்கு வழக்கமாக வாங்கும் இரண்டாவது சட்டைகளை வெட்டிவிட்டார்.

எமில் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கோச், மாத்துச் சட்டை இல்லாம முடியாது. ஆட்டத்துக்கு நடுவுல கிழியும். ரத்தம் பட்டா நடுவர் வெளியே அனுப்பிருவாரு."

"நமக்கு எதுக்கு ரத்தம் வருது? அடுத்தவனுக்கு வரவைப்போம்!" என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ரெண்டு நம்பராவது காலியா வைங்க. பேரு போடாத வெத்துச் சட்டை நாலு தைச்சு வச்சுக்கறேன்" என்று முதுகைப் பார்த்துக் கத்தினார் எமில். காலியாக இருந்த கடைசி நம்பரும் அடுத்த செவ்வாய்க்கிழமை போனில் எவனுக்கோ போய்ச் சேர்ந்தது.

சீசன் ஒரு மாதிரியாகப் போனது. முதல் மூன்றும் தோல்வி. அக்டோபரில் திடீரென்று நான்கு ஜெயித்தோம். ஊர்க்காரர்களுக்குக் கால் தரையில் படவில்லை. அப்புறம் மழையில் இரண்டு தோல்வி, ஒரு ஜெயம், மறுபடி ஒரு தோல்வி. ஐந்து ஜெயம், ஆறு தோல்வி என்று கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றோம். ஆறு ஜெயித்த அணியை டிசம்பரில் வெளியூரில் நடக்கும் விருது ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். ஹாஸ்லரை அப்படிக் கூப்பிட்டுப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. எமில் எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒன்னே ஒன்னு, வெர்னா. இன்னும் ஒன்னே ஒன்னு" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட் துடைத்தார்.

எதிரணி மார்லோ, பக்கத்துப் பள்ளத்தாக்கு. நவம்பர் கடைசி சனிக்கிழமை, பனியும் மழையும் கலந்து முகத்தில் அடித்தது. அப்பேர்ப்பட்ட நாளிலும் கோச் போட்டோவுக்குப் பையன்களை வரவழைத்திருந்தார். படம் எடுத்து முடித்ததும் அந்தப் பதினோரு சட்டைகளையும் நாங்கள் அவசரமாக எங்கள் பெட்டிக்குள் திணித்து, மைதான ஓரத்தில் பெஞ்சுக்குப் பின்னால் வைத்தோம்.

கடைசி நான்கு நிமிடம். மார்லோ இருபது, நாங்கள் பதினேழு. எங்கள் தடுப்பு ஆட்டத்துக்கு முதுகெலும்பு கோர்ட்லண்ட் பீச்சம் என்ற பையன், ஐம்பத்தாறாம் நம்பர். நல்ல பிள்ளை. சட்டையைக் கழற்றிக் கொடுக்கும்போது உள்பக்கத்தை வெளியே எடுத்துத்தான் கொடுப்பான். அவன் ஒருவனை இழுத்துச் சாய்த்துவிட்டு எழுந்தபோது சட்டை கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்து தொங்கியது. ஐந்து ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். நடுவர் அவனை வெளியே போகச் சொன்னார்.

நான் ஊசியோடு ஓடினேன். "நாலு நிமிஷம் குடுங்க, தைச்சிர்றேன்!"

"நாலு நிமிஷத்துல ஆட்டமே முடிஞ்சிரும்மா!" என்று கோச் கத்தினார். "வேற சட்டை எங்க?"

"வேற சட்டை இல்ல கோச்" என்றார் எமில்.

கோச் தானே குனிந்து பெட்டியைத் திறந்தார். கைக்கு வந்ததை உருவினார். வேறென்ன வரும், ஒன்றாம் நம்பர்தான். அதை பீச்சத்தின் தலை வழியாக இழுத்து மாட்டினார்.

எமில் அவர் கையைப் பிடித்தார். வாழ்நாளில் ஒரு கோச்சின் கையைப் பிடிக்காத மனிதர். "கோச், விட்லோவும் ஒன்னு. ரெண்டு பேரும் சேந்து உள்ள போயிரக் கூடாது. பந்தை உதைக்கிறப்ப..."

"தெரியும், தெரியும். விட்லோ இப்ப பெஞ்சுலதானே இருக்கான். தள்ளுங்க!"

பீச்சம் நடுவரிடம் புது நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். மார்லோவை மூன்று முறை நிறுத்தினோம். அவர்களுக்குப் பந்தை எங்கள் பக்கம் உதைப்பதைத் தவிர வழியில்லை. உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட எங்களிடம் இருப்பதிலேயே வேகமான ஆள் யார்? கோச் திரும்பிப் பார்த்து, "விட்லோ! போ, போ!" என்றார்.

எமில் மைதானக் கோட்டின் மேலேயே ஓடினார். "கோச்! பீச்சம் உள்ள இருக்கான்! ஒன்னு! ரெண்டு ஒன்னு!" பதினெட்டாயிரம் பேர் கத்துகிற கத்தலில் அவர் குரல் எனக்கே கேட்கவில்லை, வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன். ஒரு துணைக் கோச் அவரைப் பின்னுக்கு இழுத்து, "பெரியவரே, கோட்டத் தாண்டாதீங்க, அபராதம் போட்ருவான்" என்றான்.

விட்லோ பந்தைப் பிடித்தான். எழுபது கஜம் ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டினான்: டச்டவுன், ஆறு புள்ளி. யாரும் அவனைத் தொடவில்லை. நான் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். எமில் மட்டும் குதிக்கவில்லை. பந்து உதைக்கப்பட்ட இடத்தில், பனிச் சேற்றில், மஞ்சள் துணி ஏற்கனவே கிடந்தது. நடுவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: ஒரே அணியில், ஒரே நேரத்தில், இரண்டு ஒன்றாம் நம்பர். டச்டவுன் செல்லாது.

மீதி இருந்த நேரத்தில் எங்களால் ஒன்றும் எடுக்க முடியவில்லை. இருபதுக்குப் பதினேழு. ஐந்து ஜெயம், ஏழு தோல்வி.

ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது கோச், "சாமான் அறையில் ஒரு சின்னக் குழப்பம். விசாரிக்கிறோம்" என்றார். ரேடியோவில் அதைக் கேட்டபோது என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. நல்லவேளை, அவர் மேல் மாடியில் இருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எமிலை மாடிக்கு அழைத்தார். எமில் கீழே வந்தபோது கையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. மாற்றுச் சட்டையைக் கொடுத்தது நான்தான், பட்டியலைப் பார்க்கத் தவறிவிட்டேன், ஊர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட இடம்.

"இதுல கையெழுத்துப் போட்டா, அறுபத்தஞ்சு முடியறவரைக்கும் என்னை யாரும் தொட மாட்டாங்களாம். கையக் குடுத்துச் சொன்னாரு" என்றார் எமில். "போடலேன்னா அவரு ஆளு ஜனவரில வர்றான். ரோசலிகிட்ட இதப்பத்திப் பேசப் போறதில்ல. அவ போடவே விட மாட்டா. நீ சொல்லு, வெர்னா. என்ன செய்யட்டும்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது ரோசலியின் விரல்கள்தான். காப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவாள்.

"போடு, எமில்" என்றேன். "பதினாலு மாசம்தானே. பேப்பர்ல வந்தத நாலு நாள்ல எவனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான்."

என் பேனாவை வாங்கித்தான் போட்டார். மறுநாள் பத்திரிகையில் அது அப்படியே வந்தது.

நான்கு நாளா? ஹாஸ்லரில் குளிர்காலம் முழுக்க அதே பேச்சு. காலை உணவுக் கடையில் எமில் உட்கார்ந்தால், "ஏம்ப்பா, இவருக்கும் ஒன்னாம் டேபிள், அவருக்கும் ஒன்னாம் டேபிள்னு போட்ராதீங்க" என்று ஒருவன் ஆரம்பிப்பான், கடையே சிரிக்கும். மாதா கோவில் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வரிசையில் நின்றால், "எமிலு, கண்ணாடிய மாத்துய்யா, பணம் வேணும்னா நான் வசூல் பண்ணித் தர்றேன்" என்பான் இன்னொருவன். எமிலும் சேர்ந்து சிரிப்பார். நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பார். ஒரு தடவை பீச்சம் எங்கள் அறைக்கு வந்து, "மிஸ்டர் ட்ரோப்னி, யாரு மாட்டிவிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லட்டுமா?" என்றான். "உனக்கு ஆட இன்னும் ஒரு வருஷம் இருக்கு, போய் ஆடு" என்று அனுப்பிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால் கோச் கேலிஸ்டர் போய்விட்டார். தெற்கே ஒரு பெரிய கல்லூரி அவரைத் தூக்கிக்கொண்டது. இரண்டு ஜெயித்த அணியை ஐந்து ஜெயிக்க வைத்தவர், ஆள் சேர்ப்பதில் மன்னன் என்று அங்கே அவருக்குப் புகழ் மாலை. விட்லோவும் இன்னும் பதினோரு பேரும் பின்னாலேயே போனார்கள். கோச் போகும்போது எங்கள் அறைப் பக்கம்கூட வரவில்லை. எமில் அவருக்குப் போன் செய்தார். மூன்று முறை. அந்த நம்பரே மாறிவிட்டது.

ஜனவரியில் அடுத்த கோச் வந்தார், கூடவே அவருடைய சாமான் அறை ஆளும். விளையாட்டுத் துறை அலுவலகத்தில் ஒரு பெண் கோப்பைத் திறந்து பார்த்து, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்: "நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே சார்." இருபத்தொன்பது வருடத்தில் அந்தக் கோப்பில் எமில் எழுதியதாக இருந்தது அந்த ஒரு தாள்தான். கேலிஸ்டர் கொடுத்த வாக்கு எந்தத் தாளிலும் இல்லை. மார்ச் மாதக் கடைசியோடு வேலை முடிந்தது என்றார்கள். அறுபத்தைந்து ஆக இன்னும் பத்து மாதம்.

கடைசி நாள் ரோசலி காரோடு வந்தாள். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அவள் கார்க் கதவைத் திறந்துவைத்து, ஸ்டியரிங்கை மணிக்கட்டால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னால நம்பவே முடியல வெர்னா" என்றாள். "என் மாத்திரைய ஒரு வேளை தப்பாம எடுத்து வைக்கற மனுசன். ஒரு சட்டை நம்பரப் பாக்காம விட்டாராம். குளிர்காலம் பூரா இதச் சொல்லித் திட்டிட்டேன். ஒரு வார்த்தை பதில் பேசல."

எமில் அவளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். சொல்லாதே என்று அர்த்தம். நான்கு மாதமாக அந்தத் தலையசைப்புக்குக் கட்டுப்பட்டிருந்தேன். அன்றைக்கு முடியவில்லை.

"அவர் செய்யல ரோசலி. கோச்சுதான் மாட்டிவிட்டாரு. வேலைல வச்சுக்கறேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டாரு. உன் ஊசிக்காகத்தான் போட்டாரு. போடச் சொன்னது நான்."

எமில் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிப் பின் இருக்கையில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

"வலி என்னோடது" என்றாள் ரோசலி. "ஊசி என் கையில குத்தறது. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணலையா?"

எமில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். அவள் கதவை முழங்கையால் இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தாள்.